எம்பெடட் ஃபர்ம்வேரில் பல டைமர்கள்: ஐந்து வழிகள், எது எப்போது சரி?

ஒரு சாதாரண மைக்ரோகன்ட்ரோலரில் ஹார்டுவேர் டைமர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒன்று பிடபிள்யூஎம் பல்ஸ்களுக்குப் போய்விடும், இன்னொன்றை அனலாக் அளவுகளைப் படிக்கும் ஏடிசி பிடித்துக்கொள்ளும். சிப்புக்குள் ஓடும் ஃபர்ம்வேருக்கோ எட்டு, பத்து, சில சமயம் நூறு காலக்கெடுக்கள் தேவைப்படும். மிச்சமிருக்கும் ஒரே ஒரு டைமரை வைத்து அத்தனையையும் ஓட்டும் ஏற்பாடுதான் சாஃப்ட்வேர் டைமர்.

இதில் தேர்வு செய்யத் தடுமாறுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "எந்த டேட்டா ஸ்ட்ரக்சர் வேகமானது?" என்று. அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. நேரம் முடிந்ததும் ஓட வேண்டிய கோட் எங்கே ஓடப்போகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். நடக்கும் வேலையை இடைநிறுத்தி ஓடும் இன்டரப்ட்டுக்குள்ளா, திரும்பத் திரும்பச் சுற்றும் மெயின் லூப்பிலா, தனி டாஸ்க்கிலா? களத்தில் போன பிறகு தலைவலி கொடுக்கும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வயலில் இருக்கும் மூன்று ஃபேஸ் மோட்டாரை போன் மூலம் இயக்கும் ஸ்டார்ட்டர். அதற்கு என்னென்ன நேரங்கள் வேண்டும்?

- பட்டன் டிபவுன்ஸ் (அழுத்தும்போது வரும் அதிர்வு அடங்கும்வரை பொறுப்பது): 20 மில்லிசெகண்ட்
- ஸ்டார் (மோட்டார் தொடங்கும் இணைப்பு) விட்டு டெல்டா (பிறகு ஓடும் இணைப்பு) எடுக்கும் இடைவெளி: 60 மில்லிசெகண்ட்
- எல்இடி மினுக்கல்: 500 மில்லிசெகண்ட்
- ஸ்டாரில் ஓடும் நேரம்: 8 செகண்ட்
- மோடம் பதிலுக்குக் காத்திருப்பு: 10 செகண்ட்
- தண்ணீர் வரவில்லை என்றால் டிரை ரன் கட்: 30 செகண்ட்
- கரன்ட் திரும்பி வந்த பிறகு தாமதம்: 2 நிமிடம்
- நிலவரச் செய்தி: 6 மணி நேரத்துக்கு ஒருமுறை

எட்டே எட்டு. ஆனால் 20 மில்லிசெகண்டிலிருந்து 2 கோடியே 16 லட்சம் மில்லிசெகண்ட் வரை நீள்கிறது. 16 பிட் எண் 65 செகண்டிலேயே தீர்ந்துவிடும் என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

கோட் ஓடும் இடம். மேலே சொன்னதுதான். கால்பேக் (நேரம் முடிந்ததும் கூப்பிடப்படும் ஃபங்ஷன்) இன்டரப்ட்டுக்குள் ஓடினால் துல்லியம் கிடைக்கும். ஆனால் அங்கே மோடமுக்கு ஒரு வரி எழுதக்கூட யோசிக்க வேண்டும்.

தாமதமும் நகர்வும். இரண்டும் வேறு வேறு. ஒரு முறை 3 மில்லிசெகண்ட் தள்ளி நடப்பது தாமதம். ஒவ்வொரு முறையும் அந்த 3 சேர்ந்துகொண்டே போவது நகர்வு. ஒரு செகண்ட் டைமரில் சுற்றுக்கு 3 மில்லிசெகண்ட் சேர்ந்தால், ஒரு நாளில் நான்கு நிமிடத்துக்கு மேல் பின்தங்கிவிடும்.

தொடங்குவது அதிகமா, முடிவது அதிகமா. மோடம் காத்திருப்பு டைமர் நல்ல நாளில் முடிவதே இல்லை. பதில் வந்ததும் ரத்தாகிவிடும். எல்இடி டைமரோ ஒவ்வொரு முறையும் முடிகிறது. உங்கள் டைமர்கள் எந்த ரகம் என்று தெரியாமல் டேட்டா ஸ்ட்ரக்சரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

நிறுத்தினால் நின்றுவிடுமா. நிறுத்தும் கட்டளைக்குப் பிறகும் கால்பேக் ஒருமுறை ஓடிவிட வாய்ப்பு உண்டா? இதற்குத் தெளிவான பதில் இல்லாத லைப்ரரியை நம்பி ரிலேவை விடாதீர்கள்.

மின்சாரச் செலவும் ரேம் அளவும் இவற்றோடு சேரும். சுவரிலிருந்து கரன்ட் எடுக்கும் கருவிக்கு முதலாவது பொருட்டே இல்லை. பேட்டரியில் ஓடும் தொட்டி அளவுமானிக்கு அதுதான் முதல் கேள்வி.

## வழி 1: மெயின் லூப்பில் கழித்துப் பார்ப்பது

சீரான இடைவெளியில் வரும் டிக் இன்டரப்ட் ஒரு கவுண்டரை ஒவ்வொன்றாக ஏற்றுகிறது. ஒவ்வொரு வேலையும் தான் தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, லூப் சுற்றும்போதெல்லாம் இடைவெளி முடிந்ததா என்று பார்க்கிறது. ஆர்டுயினோவில் மில்லிஸ் வைத்து எழுதும் அதே முறை. லைப்ரரி வேண்டாம், கால்பேக் வேண்டாம், எல்லாம் ஒரே இடத்தில் ஓடுவதால் மோதல் இல்லை. நிறுத்தினால் அந்தக் கணமே நின்றுவிடும்.

இங்கே ஒரு வரியை எப்படி எழுதுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சரி: (இப்போது − தொடக்கம்) ≥ இடைவெளி
தவறு: இப்போது ≥ (தொடக்கம் + இடைவெளி)

கணக்குப்படி இரண்டும் ஒன்றுதான். ஆனால் 32 பிட் மில்லிசெகண்ட் கவுண்டர் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அன்சைன்ட் எண்ணில் கழித்தால் அந்தத் திருப்பத்திலும் விடை சரியாக வரும். கூட்டினால் கூட்டுத்தொகை சுருண்டு சின்ன எண்ணாகிவிட, டைமர் உடனே முடிந்ததாகிவிடும்.

ரேமைச் சேமிக்க 16 பிட்டில் நேரத்தைக் குறித்து வைப்பவர்களுக்கு இன்னொரு குழி உண்டு. 32 பிட் கோர்டெக்ஸ் சிப்பில் சி மொழி அந்த இரண்டு எண்களையும் இன்ட் ஆக்கிவிட்டுத்தான் கழிக்கும். இடைவெளி 10, தொடக்கம் 65530, இப்போது 5 என்றால் நமக்கு வேண்டிய விடை 11. கிடைப்பது மைனஸ் 65525. அது 10ஐவிடப் பெரியதாக ஆகவே ஆகாது, டைமர் முடியவே முடியாது. விடையை மறுபடி 16 பிட் அன்சைன்டாக மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். இதே கோட் 8 பிட் ஏவிஆர் சிப்பில் ஒழுங்காக ஓடியிருக்கும், ஏனென்றால் அங்கே இன்ட்டே 16 பிட். சிப் மாற்றும்போது மட்டும் தலைகாட்டும் பிழை இது.

ஏவிஆரில் வேறு கவனம் வேண்டும். நான்கு பைட் கவுண்டரைப் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் டிக் வந்தால் பாதி பழையது, பாதி புதியது என்று கிடைக்கும். படிக்கும்போது இன்டரப்ட்டை ஒரு கணம் மூடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு லூப்பின் நீளம். மோடமிடமிருந்து பதில் வரும்வரை ஒரு ஃபங்ஷன் நின்று காத்திருந்தால், அத்தனை நேரமும் எல்லா டைமர்களும் தூங்குகின்றன. இந்த முறையின் துல்லியம் உங்கள் லூப்பின் மிக மோசமான சுற்று எவ்வளவு நேரம் எடுக்கிறதோ அவ்வளவுதான். நகர்வைத் தவிர்க்க, தொடக்கத்தை "இப்போது" என்று மாற்றாமல் பழைய தொடக்கத்தோடு இடைவெளியைக் கூட்டுங்கள். ஆனால் லூப் நெடுநேரம் சிக்கிக்கொண்டால், விட்டுப்போன சுற்றுகள் எல்லாம் அடுத்தடுத்து வந்து விழும். எல்இடிக்குப் பரவாயில்லை, நிலவரச் செய்திக்குக் கூடாது.

## வழி 2: டிக்கில் எல்லாவற்றையும் ஒன்று குறைப்பது

ஓர் அரேயில் எல்லா டைமரும். ஒவ்வொரு டிக்கிலும் ஓடிக்கொண்டிருப்பவற்றிலிருந்து ஒன்றைக் குறை. பூஜ்யத்தைத் தொட்டதும் முடிந்தது.

பழைய முறை என்று இதைப் பலரும் ஒதுக்குகிறார்கள். எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு. கீழ்நோக்கி எண்ணுவதால் ஓவர்ஃப்ளோ (கவுண்டர் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்புவது) என்ற பேச்சே இல்லை. தொடங்குவது ஒரு எண்ணை எழுதுவது, நிறுத்துவது பூஜ்யத்தை எழுதுவது. அதிகபட்சம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுவிடலாம். 16 மெகாஹெர்ட்ஸ் ஏவிஆரில் ஒரு டைமருக்குச் சுமார் 30 சைக்கிள் என்று வைத்தால், நம் எட்டுக்கு 240. ஒரு மில்லிசெகண்டில் 16,000 சைக்கிள் இருக்கிறது. ஒன்றரை சதவீதம் போகிறது. நூறு டைமர் என்றால் அதுவே சுமார் 19 சதவீதம் ஆகிவிடும்.

கால்பேக்கை அந்த இன்டரப்ட்டுக்குள்ளேயே கூப்பிட்டுவிடும் ஆசைதான் இங்கே ஆபத்து. நான் சிபாரிசு செய்வது: இன்டரப்ட் "இத்தனை டிக் கடந்தது" என்று மட்டும் எண்ணட்டும். குறைக்கும் வேலையும் கால்பேக்கும் மெயின் லூப்பில் நடக்கட்டும். கொஞ்சம் தாமதம் கூடும், ஆனால் டைமர் அரேயை இரண்டு இடத்திலிருந்து யாரும் தொடமாட்டார்கள்.

குறை என்று சொன்னால், சிப்பைத் தூங்கவிட முடியாது. அடுத்து எது எப்போது முடியும் என்று தெரிய முழு அரேயையும் தேட வேண்டும்.

## வழி 3: வரிசைப்படுத்திய லிஸ்ட்

டைமர்களை முடியும் வரிசையில் அடுக்கி வைத்தால் முதலாவதை மட்டும் பார்த்தால் போதும். இதில் டெல்டா லிஸ்ட் என்ற வகை எம்பெடட் உலகில் பரவலானது. ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதிலிருந்து உள்ள வித்தியாசத்தை மட்டும் வைத்திருக்கும். 10, 15, 40 டிக்கில் முடிய வேண்டிய மூன்று டைமர்கள் லிஸ்டில் 10, 5, 25 என்று உட்காரும். டிக் வரும்போது தலையில் உள்ளதை மட்டும் குறைத்தால் போதும்.

நடுவில் உள்ளதை ரத்து செய்யும்போது கவனம். அந்த 5ஐ வெறுமனே எடுத்துவிட்டால் மிச்சம் 10, 25. மூன்றாவது டைமர் 40க்குப் பதில் 35இலேயே முடிந்துவிடும். எடுத்த 5ஐ அடுத்ததோடு சேர்த்து 30 ஆக்க வேண்டும். ரத்து செய்வது அரிதாக நடக்கும் கோட்டில் இந்தப் பிழை சோதனையில் சிக்காமலே போய்விடும், அதனால் இதற்கென்றே ஒரு யூனிட் டெஸ்ட் எழுதுங்கள்.

நுழைக்கும்போது லிஸ்டில் நடந்து இடம் தேட வேண்டும். அதுவரை இன்டரப்ட் மூடியிருக்கும். இருபது டைமருக்கு இது ஒன்றுமில்லை. இருநூறு என்றால் சீரியல் போர்ட்டில் ஒரு பைட் தவறிப்போகும் அளவுக்கு நீளலாம்.

இந்த முறையின் உண்மையான பலம் தூக்கம். அடுத்த முடிவு எப்போது என்பது தலையிலேயே இருப்பதால், ஹார்டுவேர் கம்பேர் ரிஜிஸ்டரில் (கவுண்டர் அந்த எண்ணைத் தொட்டதும் சிப்பை எழுப்புவது) அதை எழுதிவிட்டு சிப்பைத் தூங்கவிடலாம். செகண்டுக்கு ஆயிரம் முறை எழுப்பும் டிக்கே வேண்டாம். பேட்டரியில் ஓடும் தொட்டி அளவுமானி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கண் விழித்தால் போதும் என்றால், இதைவிடப் பொருத்தமான முறை இல்லை.

ஆனால் டிக் இல்லாத ஏற்பாடு சொல்வதைவிடச் செய்வது கடினம். கோர்டெக்ஸ்-எம் சிப்களில் உள்ள சிஸ்டிக் என்ற டிக் டைமர் 24 பிட்தான். 72 மெகாஹெர்ட்ஸில் அது 0.23 செகண்டுக்கு மேல் எண்ணாது, ஆழ்ந்த தூக்கத்தில் பெரும்பாலான சிப்களில் நின்றும் போகும். அதனால் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஓடும் குறைமின் டைமருக்குப் போக வேண்டும். அங்கே வேறு விதிகள். நார்டிக்கின் என்ஆர்எஃப்52 சிப்பில் ஆர்டிசி கவுண்டர் என் என்ற எண்ணில் இருக்கும்போது, கம்பேரில் என் கூட்டல் 1 என்று எழுதினால் நிகழ்வு வராமல் போகலாம். குறைந்தது 2 தள்ளி எழுத வேண்டும். தவறவிட்டால் அந்த 24 பிட் கவுண்டர் முழுச் சுற்று வர, ப்ரீஸ்கேலர் இல்லாத நிலையில், 512 செகண்ட் ஆகும். எட்டரை நிமிடம் உறைந்து, பிறகு தானாகவே சரியாகிவிடும் கருவியை மேசையில் வைத்துப் பிடிப்பது லேசான வேலை இல்லை. கிரிஸ்டலின் பிழையையும் கணக்கில் எடுங்கள்: 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) என்றால் ஒரு நாளைக்கு 1.7 செகண்ட்.

## வழி 4: டைமர் வீல்

ஜார்ஜ் வர்கீஸும் டோனி லாக்கும் 1987இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலிருந்து பரவிய யோசனை. வட்டமாக 256 அறைகள். ஒவ்வொரு டிக்கிலும் ஒரு அறையை மட்டும் திறந்து பார். தொடங்குவதும் ரத்து செய்வதும், எத்தனை டைமர் இருந்தாலும் ஒரே நேரம்தான் எடுக்கும். நீண்ட நேரங்களுக்கு, கடிகாரத்தில் செகண்ட், நிமிடம், மணி முள்கள் இருப்பதைப் போல, பல அடுக்குச் சக்கரங்கள்.

லினக்ஸ் கெர்னல் இதைத்தான் பயன்படுத்துகிறது. 2016இல் வந்த 4.8 பதிப்பில் ஒரு முக்கியமான மாற்றம் செய்தார்கள். பெரிய சக்கரத்திலிருந்து சின்ன சக்கரத்துக்கு டைமர்களை இறக்கும் வேலையையே கைவிட்டுவிட்டார்கள். தொலைவில் உள்ள டைமர்கள் பெரும்பாலும் முடிவதற்கு முன் ரத்தாகிவிடும் காத்திருப்புகள், அவை கொஞ்சம் தாமதமானால் குடி முழுகிப்போகாது என்ற கணிப்பு அது. நூற்றுக்கணக்கான இணைப்புகளைத் தாங்கும் கேட்வே எழுதுகிறீர்கள் என்றால் இந்தக் கணிப்பு உங்களுக்கும் பொருந்தும்.

நம் மோட்டார் ஸ்டார்ட்டருக்கு? வேண்டவே வேண்டாம். 256 அறைக்கு இரண்டு பைட் பாயின்டர் என்றாலே 512 பைட். ஏடிமெகா328பி சிப்பின் 2 கேபி ரேமில் கால்வாசி போய்விடும், எட்டு டைமருக்காக. தூங்கவிடுவதற்கும் இது தோதில்லை. அடுத்து நிரம்பிய அறை எங்கே என்று தேட வேண்டும்.

## வழி 5: ஆர்டிஓஎஸ் தரும் டைமர்

ஏற்கெனவே ஆர்டிஓஎஸ் (பல டாஸ்க்குகளை நேரத்துக்கு ஓட்டும் சின்ன இயங்குதளம்) ஓடுகிறது என்றால் முதலில் இதைப் பார்ப்பதே முறை. ஆனால் எல்லா ஆர்டிஓஎஸ்ஸும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை.

ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் கால்பேக்குகள் எல்லாம் டைமர் சர்வீஸ் டாஸ்க் என்ற ஒரே டாஸ்க்கில் ஓடும். ஸெஃபிரில் கே-டைமரின் கால்பேக் சிஸ்டம் கிளாக் இன்டரப்ட்டுக்குள்ளேயே ஓடும். நீண்ட வேலை என்றால் அங்கிருந்து வொர்க் க்யூவுக்குத் தள்ள வேண்டும். ஈஎஸ்பி32இல் ஈஎஸ்பி-டைமர் வழக்கமாகத் தனி டாஸ்க்கில் ஓடும், கான்ஃபிகரேஷனில் கேட்டால் இன்டரப்ட்டிலிருந்தும் கூப்பிடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு கோட்டை மாற்றும்போது கம்பைல் ஆகிவிட்டது என்று நிம்மதி அடைய முடியாததற்குக் காரணம் இதுதான்.

ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். டைமரைத் தொடங்கும் ஃபங்ஷன் உண்மையில் ஒரு க்யூவில் கட்டளையைப் போடுகிறது, அவ்வளவுதான். "பாஸ்" என்று திரும்பி வந்தால் கட்டளை க்யூவில் ஏறிவிட்டது என்று பொருள். அழைத்த நேரத்தையும் அதோடு அனுப்புவதால், டாஸ்க் தாமதமாக எடுத்தாலும் முடியும் நேரம் தள்ளிப்போகாது. இது நல்ல வடிவமைப்பு. ஆனால் அந்த டாஸ்க்கின் ப்ரையாரிட்டி தாழ்வாக இருந்தால் கால்பேக் தள்ளித்தான் ஓடும். ஒரு கால்பேக் ஏதாவதற்காகக் காத்து நின்றால் மற்ற எல்லா டைமரும் அதன் பின்னால் நிற்கும். அப்புறம், ஷெட்யூலர் தொடங்கும் முன் மெயினிலேயே பத்து டைமரைத் தொடங்கி, க்யூவின் நீளம் ஐந்தாக இருந்தால், பின் ஐந்தும் ஏறவே ஏறாது. திரும்பி வரும் மதிப்பைச் சோதியுங்கள்.

டைமருக்காக மட்டும் ஆர்டிஓஎஸ்ஸைக் கொண்டுவருவது எனக்கு உடன்பாடில்லை. ஒரு டாஸ்க், அதன் ஸ்டாக், ஒரு க்யூ, எல்லாவற்றுக்கும் ரேம் போகும். கூடவே டாஸ்க்குகளுக்கிடையே மோதல் என்ற புதிய பிழை வகையே வந்து சேரும்.

## ஒரே பார்வையில்

| வழி | டைமர் எண்ணிக்கை | கால்பேக் ஓடும் இடம் | தூக்கத்துக்குத் தோதா | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|
| கழித்துப் பார்ப்பது | 10 வரை | மெயின் லூப் | இல்லை | லூப்பின் நீளம் |
| எல்லாம் ஒன்று குறைப்பது | 30 வரை | உங்கள் விருப்பம் | இல்லை | டிக்கில் ஆகும் செலவு |
| வரிசை லிஸ்ட் | சில டஜன் | உங்கள் விருப்பம் | மிகவும் | ரத்து, கம்பேர் தவறிப்போவது |
| டைமர் வீல் | நூறுகள், ஆயிரங்கள் | உங்கள் விருப்பம் | சிரமம் | ரேம் |
| ஆர்டிஓஎஸ் | சில டஜன் | ஆர்டிஓஎஸ் சொல்வது | பார்த்துச் செய்யணும் | ப்ரையாரிட்டி, க்யூ |

எண்ணிக்கை என்பது என் கை மதிப்பீடு. உங்கள் சிப்பின் வேகத்துக்கு ஏற்ப மாறும்.

## மோட்டார் ஸ்டார்ட்டருக்கு எது?

வழி 2ஐத்தான் எடுப்பேன், கால்பேக் மெயின் லூப்பில். எட்டு டைமர், சுவர் மின்சாரம், தூக்கம் தேவையில்லை. நிறுத்தினால் உடனே நிற்க வேண்டும் என்பதுதான் இங்கே பெரிய தேவை. அதே பலகையில் மோடம் ஸ்டாக்கோடு ஆர்டிஓஎஸ்ஸும் வந்துவிட்டது என்றால் வழி 5. மோடம் கோட் எங்கேயும் நின்று காத்திருக்கக் கூடாது என்பது வழி 2க்கும் நிபந்தனை.

ஸ்டார்-டெல்டா இடைவெளியை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். டிக்குக்கும் நீங்கள் டைமரைத் தொடங்கும் கணத்துக்கும் தொடர்பில்லை. அடுத்த டிக் 0.1 மில்லிசெகண்டில் வரலாம், 0.9லும் வரலாம். ஆக 60 டிக் என்று கொடுத்தால் கிடைப்பது 59க்கும் 60க்கும் இடையில். "குறைந்தது இவ்வளவு" என்று உறுதி வேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு டிக் கூட்டிக் கொடுங்கள். 1 மில்லிசெகண்ட் டிக்கில் இது பெரிதில்லை. ஆனால் டிக் 10 மில்லிசெகண்ட் என்றால் 60 என்று நினைத்தது 50ஐ நெருங்கும். ஸ்டார் கான்டாக்டர் முழுதாக விடுமுன் டெல்டா எடுத்தால் ஃபேஸ்கள் ஷார்ட் ஆகும். கான்டாக்டர்களுக்கிடையே எலக்ட்ரிக்கல் இன்டர்லாக் (ஒன்று எடுத்திருக்கும்போது மற்றது எடுக்க முடியாத ஒயரிங்) இருக்கட்டும். ஃபர்ம்வேரை மட்டும் நம்பி அதை விட்டுவிடக் கூடாது.

டிரை ரன் டைமரில் நிறுத்தும் பிரச்சினை வரும், குறிப்பாக முடிந்த செய்தியை க்யூவில் போட்டுப் பிறகு எடுக்கும் அமைப்பில். 30 செகண்ட் முடிந்தது, "டிரை ரன்" செய்தி க்யூவில் ஏறியது. அதை எடுப்பதற்குள் தண்ணீர் வந்துவிட்டது, கோட் டைமரை நிறுத்தியது. ஆனால் செய்தி க்யூவிலேயே இருக்கிறது. அடுத்த சுற்றில் ஓடுகிற மோட்டார் கட் ஆகும். ஒவ்வொரு டைமருக்கும் ஒரு தலைமுறை எண் வைத்து, தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் அதை ஏற்றுங்கள். செய்தியோடு அந்த எண்ணையும் அனுப்பி, எடுக்கும்போது பொருந்தவில்லை என்றால் தூக்கிப் போடுங்கள். ஒரு பைட் செலவு.

## எந்த வழி என்றாலும், கவுண்டரைப் பூஜ்யத்தில் தொடங்காதீர்கள்

49 நாள் யாரும் சோதனை மேசையில் காத்திருப்பதில்லை. அதனால்தான் ஓவர்ஃப்ளோ பிழைகள் வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகு வெடிக்கின்றன. போயிங் 787 விமானத்தின் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் உள்ளே ஒரு கவுண்டர் நிரம்பிவிடும் என்று 2015இல் அமெரிக்க விமான நிர்வாகமான எஃப்ஏஏ உத்தரவே வெளியிட வேண்டியிருந்தது. செகண்டில் நூறில் ஒரு பங்காக எண்ணும் 31 பிட் கவுண்டர் நிரம்பும் காலமும் 248 நாள்தான்.

லினக்ஸ் இதற்குச் செய்யும் ஏற்பாடு எளிமையானது. அதன் டிக் கவுண்டர் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை; ஓவர்ஃப்ளோ ஆக ஐந்து நிமிடம் இருக்கும் எண்ணில் தொடங்குகிறது. பிழை இருந்தால் பூட் ஆன ஐந்தாவது நிமிடத்தில் எழுதியவர் கண்ணிலேயே படும். மேலே ஓடும் கவுண்டர் வைத்திருக்கும் எந்த ஃபர்ம்வேரிலும் ஆரம்ப மதிப்பை இப்படி மாற்ற ஒரே ஒரு வரி போதும். டெஸ்ட் பில்டில் மட்டும் வைக்காமல், விற்பனைக்குப் போகும் பில்டிலும் அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு பில்டும் ஒன்றாக இருந்தால்தான் மேசையில் பார்த்தது வயலிலும் நடக்கும்.